ஊர் ரேடியோவா, நாடு தழுவிய பிராண்டா? அமெரிக்க கன்ட்ரி நிலையங்களின் அனுபவம் பெங்களூரு தமிழ் ஸ்ட்ரீமுக்கு உதவுமா?

ஸ்ரீராமபுரம்_செவி கேட்டது:

வணக்கம் நண்பர்களே.

பெங்களூருத் தமிழர்களுக்காக நாட்டுப்புறப் பாட்டு மட்டுமே ஒலிக்கும் இணைய வானொலி ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். தெம்மாங்கு, கும்மி, நையாண்டி மேளம், உடுக்கைப் பாட்டு, கானா இவைதான் சரக்கு. குரல் கொடுக்க இரண்டு பேர், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவர். விளம்பரம் பிடிக்க இன்னும் ஆள் இல்லை.

குழுவுக்குள் ஒரு விவாதம் முடியாமல் நிற்கிறது. அல்சூர், விவேக் நகர், பீன்யா, எலக்ட்ரானிக் சிட்டி என்று இந்த ஊரையே பேசும் நிலையமாக இருக்கட்டும் என்பது ஒரு தரப்பு. பொதுவாக ஒரு பெயர் வைத்து, சென்னைக்கும் தாராவிக்கும் டெல்லிக்கும் அதே ஸ்ட்ரீமைக் கொடுத்தால்தான் நேயர் எண்ணிக்கை சேரும் என்பது மறுதரப்பு. இரண்டு பக்கமும் உதாரணம் காட்டுவது அமெரிக்க கன்ட்ரி (அந்த நாட்டின் கிராமிய வேர் கொண்ட இசை) ரேடியோவைத்தான். அங்கே ஊர் நிலையங்களும் 'நேஷ் எஃப்.எம்' மாதிரி நாடு தழுவிய பிராண்டுகளும் மோதியதில் உண்மையில் என்ன நடந்தது? ஊர் நிலையம் ஜெயித்த இடங்களில் எது காரணம்?

இப்போதைய திட்டம்: மணிக்கு 12 பாட்டு. புதிதாகப் பதிவு செய்த 6 பாட்டிலிருந்து மணிக்கு 3. பழைய பாட்டு 360இலிருந்து மணிக்கு 5. கானா, கோயில் பாட்டு கலந்த 120இலிருந்து மணிக்கு 4. இதில் தவறு இருந்தாலும் சொல்லுங்கள்.

அலைவரிசை எழுதியது:

நேஷ் விஷயத்தில் பெயரைவிடக் காலை நிகழ்ச்சிதான் பெரிய சிக்கல். அதற்கு முன்கதை கொஞ்சம் தேவை.

1996க்கு முன்பு அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நாடு முழுக்க வைத்துக்கொள்ளக்கூடிய நிலையங்களுக்கு உச்சவரம்பு இருந்தது: 20 ஏ.எம், 20 எஃப்.எம். அந்த ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. மிகப் பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் 8 நிலையங்கள் வரை வைக்கலாம், அதில் ஏ.எம் ஆனாலும் எஃப்.எம் ஆனாலும் 5க்கு மேல் கூடாது என்ற உள்ளூர் வரம்பு மட்டும் மிஞ்சியது. கடன் வாங்கி நூற்றுக்கணக்கில் நிலையங்களைச் சேர்த்தவர்களுக்கு அடுத்த கேள்வி உடனே வந்தது: ஒவ்வொரு ஊரிலும் தனி இசைப் பொறுப்பாளர், தனி காலைக் குழு எதற்கு?

குமுலஸ் என்ற வானொலி நிறுவனத்தின் நேஷ் அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. 2013 ஜனவரியில் நியூயார்க் 94.7இல் தொடங்கினார்கள். 1996க்குப் பிறகு அந்த நகரத்தில் பெரிய கன்ட்ரி எஃப்.எம் எதுவும் இல்லாததால் யாருடைய பழைய பெயரையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற ஊர்களில் நிலைமை வேறு. பல வருடம் பழகிய பெயரை எடுத்துவிட்டு நேஷ் பலகையை மாட்டினார்கள். கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரில் தயாரான காலை நிகழ்ச்சி பல நிலையங்களில் ஊர்க்காரர் இருந்த இடத்துக்கு வந்தது. காலை 6 முதல் 10 வரைதான் ரேடியோவின் உயிர் நேரம். அந்த நேரத்தில் எந்தச் சாலை அடைப்பு, எந்தப் பள்ளிக்குப் பனி விடுமுறை என்று சொல்ல முடியாத குரல், பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த ஊருக்கு விருந்தாளிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் 107.7 டபிள்யூ.ஐ.வி.கே என்ற நிலையமும் குமுலஸ் உடையதுதான். அந்த ஊரில் அது மிக வலுவான நிலையம். அதன் பெயரை அவர்கள் தொடவே இல்லை. பிராண்டை உருவாக்கியவர்களே, ஊர் மனதில் ஆழப் பதிந்த பெயரை மாற்றத் துணியவில்லை. 2015இல் தலைமை மாறிய பிறகு பாட்டுத் தேர்வு அதிகாரம் மீண்டும் ஊர் நிலையங்களுக்கு நகர்ந்தது.

குமுலஸ் 2017 நவம்பரில் திவால் பாதுகாப்புக்குப் போனதை வைத்து 'பிராண்ட் தோற்றது' என்று உங்கள் குழுவில் யாராவது வாதிட்டால் ஏற்காதீர்கள். அது நிலையங்களை வாங்கிக் குவித்த கடனின் விளைவு. இன்னொரு பெரிய வானொலி நிறுவனமான ஐஹார்ட்மீடியாவும் 2018 மார்ச்சில் அதே வழியில் போனது. நியூயார்க் 94.7 கைமாறி, 2021 அக்டோபரில் கன்ட்ரியையே விட்டுவிட்டது.

ஊர் நிலையத்துக்கு நல்ல உதாரணம் லாஸ் ஏஞ்சலிஸ். 2006இல் அங்கே கே.இசட்.எல்.ஏ என்ற பெரிய நிலையம் கன்ட்ரியைக் கைவிட்டது. 2007இல் உள்ளூர்க் குடும்ப நிறுவனமான மவுண்ட் வில்சன், தன் 105.1 கே.கே.ஜி.ஓ நிலையத்தைக் கன்ட்ரிக்கு மாற்றியது. பெரிய நிறுவனம் ஒரே நகரில் ஐந்தாறு நிலையங்களை வைத்துக்கொண்டு, எந்த வகை இசை அதிகம் சம்பாதிக்கும் என்று ஒன்றோடொன்று ஒப்பிடும். அளவான ஒரு நேயர் கூட்டம் தரும் வருமானம் அதற்குப் போதாது. தனி உரிமையாளர் தன் செலவோடு மட்டும் ஒப்பிடுகிறார். பெரியவர்கள் 'லாபம் குறைவு' என்று விட்டுப்போகும் இசைக்கு ஊர் நிலையம் வீடாவது இந்தக் கணக்கால்தான். பெங்களூருவில் தமிழ் நாட்டுப்புறப் பாட்டின் நிலையும் இதுவே. 2001 ஜூலை 3 அன்று இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம் ஒலிக்கத் தொடங்கிய நகரம் இது. இங்குள்ள தனியார் எஃப்.எம்களுக்குப் பெரும்பாலும் கன்னடமும் இந்தியும்தான் சந்தை. உடுக்கைப் பாட்டுக்கு அவர்கள் ஒரு மணி நேரம்கூடத் தரப்போவதில்லை.

கடிகாரச்சக்கரம் எழுதியது:

நேயர் எண்ணிக்கையை எப்படி அளக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் அலைவரிசை சொன்னது இன்னும் தெளிவாகும்.

அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் இரண்டு முறையில் அளக்கிறது. பெரிய நகரங்களில் பி.பி.எம் என்ற சிறு கருவியை நேயர் உடம்போடு வைத்திருப்பார். ஒலிபரப்பில் காதுக்குக் கேட்காமல் கலந்திருக்கும் குறியீட்டை அது பிடித்துக்கொள்ளும். சிறிய ஊர்களில் டைரி: வியாழன் முதல் புதன் வரை 7 நாள், கேட்டதை நேயரே எழுதவேண்டும். கருவிக்கு நிலையத்தின் பெயர் தேவையில்லை. டைரிக்கு நினைவுதான் எல்லாம். அதனால் டைரி முறை இருக்கும் ஊரில் பழகிய பெயரை அழிப்பது கையிலிருந்த எண்ணிக்கையைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். கன்ட்ரி ரேடியோவின் பலமே அந்த மாதிரி நடுத்தர, சிறிய ஊர்களில்தான் இருக்கிறது.

பி.பி.எம் ஊர்களில் போட்டி நிமிடக் கணக்கில் நடக்கும். மணியை நான்கு கால்மணிகளாகப் பிரித்து, ஒரு கால்மணிக்குள் 5 நிமிடம் கேட்டால் அந்தக் கால்மணி முழுவதும் நிலையத்தின் கணக்கில் சேரும். 2025 தொடக்கத்திலிருந்து 3 நிமிடம் போதும் என்று மாற்றினார்கள். விளம்பரங்களை 20வது நிமிடத்திலும் 50வது நிமிடத்திலும் குவிக்கும் பழக்கம் இதனால் வந்தது. 15இலிருந்து 20 வரை கேட்டவர் அந்தக் கால்மணியை ஏற்கெனவே கொடுத்துவிட்டார். விளம்பரம் முடிந்து பாட்டு இடைவெளியில்லாமல் 30வது, 45வது நிமிடங்களைக் கடந்து ஓடும்.

உங்களுக்கு இதெல்லாம் வேண்டாம். சர்வர் பதிவே உண்மையைச் சொல்லிவிடும். 1 நிமிடத்துக்குக் குறைவான இணைப்புகளையும் தானியங்கி நிரல்களின் இணைப்புகளையும் கழித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை பேர் சேர்ந்தாற்போல் கேட்டார்கள் என்பதை மட்டும் பாருங்கள். மொத்தக் கிளிக் எண்ணிக்கையை விளம்பரதாரரிடம் காட்டினால் முதல் மாதம் இனிக்கும், இரண்டாவது மாதம் அவர் திரும்பமாட்டார்.

உங்கள் சுழற்சித் திட்டத்தில் தவறு இருக்கிறது. 6 பாட்டு, மணிக்கு 3 என்றால் ஒவ்வொரு பாட்டும் சரியாக 2 மணி நேரத்தில் திரும்பும். 24ஐ 2 மீதியில்லாமல் வகுத்துவிடுவதால், காலை 8.10க்கு வண்டியை எடுக்கிறவர் தினமும் அதே பாட்டைத்தான் கேட்பார். 'இவர்களிடம் நாலு பாட்டுதான் இருக்கிறது' என்ற புகார் இப்படித்தான் கிளம்பும். 7 பாட்டு வையுங்கள். சுற்று 2 மணி 20 நிமிடமாகும். அதே பாட்டு அதே இடத்துக்கு வர 7 நாள் பிடிக்கும்.

360 பாட்டு, மணிக்கு 5 என்பதும் அதே நோய். சுற்று 72 மணி நேரம், சரியாக 3 நாள். திங்கள் காலை கேட்டது வியாழன் காலை அதே மணிக்கு வந்து நிற்கும். 385 ஆக்கினால் 77 மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் 5 மணி நேரம் தள்ளித் தள்ளிப் போய், 24 மணிகளையும் தொட்டுவிட்டு 77 நாள் கழித்துத்தான் பழைய மணிக்கு வரும். 120ஐ 116 ஆகக் குறையுங்கள். 30 மணி நேரச் சுற்று 29 ஆகும், அதே மணிக்குத் திரும்ப 5 நாளுக்குப் பதில் 29 நாளாகும்.

ஒரு எச்சரிக்கை: 4 நிமிடப் பாட்டுகளுக்குத்தான் இந்தக் கணக்கு. உடுக்கைக் கதைப்பாட்டு 20 நிமிடம் ஓடினால் அந்த மணியில் மற்ற எல்லாம் சரிந்துவிடும். அவற்றைப் பொதுச் சுழற்சியில் போடாமல் இரவு 9க்கு மேல் தனி நிகழ்ச்சியாக வைப்பதே அவற்றுக்கும் மரியாதை.

தடம்_நான்கு எழுதியது:

எல்லாரும் ஊர் பக்கமே பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நாடு தழுவிய நிகழ்ச்சி என்றாலே தீமை என்று நினைக்கவேண்டாம்.

கன்ட்ரி ரேடியோ பொது நிகழ்ச்சியை ஆதியிலிருந்தே ஏற்றுக்கொண்டது. 1925 நவம்பரில் நாஷ்வில் டபிள்யூ.எஸ்.எம்மில் தொடங்கி, பின்னர் கிராண்ட் ஓல் ஆப்ரி என்று பெயர் பெற்ற நிகழ்ச்சியை இரவில் பல மாநிலங்கள் தாண்டிக் கேட்டார்கள். வாராந்தரத் தரவரிசை நிகழ்ச்சிகள் 1973இலிருந்தே பல நிலையங்களுக்குப் பொதுவாகப் போயின. 1993இல் தொடங்கிய நள்ளிரவு நிகழ்ச்சியும் அப்படித்தான். நேயருக்கு இதில் வருத்தமில்லை, ஏனென்றால் ஞாயிறு காலையும் இரவு 1 மணியும் ஊர் நிலையம் ஆள் வைக்க முடியாத நேரங்கள்.

பாடகரை அழைப்பதிலும் பொது நிகழ்ச்சிக்கு அனுகூலம் உண்டு. நாஷ்வில்லில் இருந்துகொண்டு நூறு நிலையங்களுக்குப் பேசுபவரிடம் பெரிய பாடகர் நேரில் வந்து உட்காருவார். பாபி போன்ஸ் என்ற அறிவிப்பாளர் 2013இலிருந்து காலை நிகழ்ச்சியையே அப்படிப் பல நகரங்களுக்கு நடத்தி நிலைத்திருக்கிறார். ஆகவே காலை நேரப் பொது நிகழ்ச்சி தோற்றே தீரும் என்று சட்டம் கிடையாது. ஆளுமை வலுவாக இருந்தால் நேயர் ஊரை மறந்து ஆளோடு ஒட்டிக்கொள்கிறார்.

ஆபத்து, ஆளே இல்லாத நிலையத்தில்தான். 2002 ஜனவரியில் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரில் ரயில் தடம்புரண்டு அம்மோனியா கசிந்தது. ஊரின் 6 வணிக நிலையங்களும் ஒரே நிறுவனத்தின் கையில். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் எச்சரிக்கை சொல்ல அதிகாரிகள் தடுமாறினார்கள். எச்சரிக்கைக் கருவிதான் காரணமா, ஆள் குறைவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் 2017 அக்டோபரில், ஊரிலோ அருகிலோ ஸ்டுடியோ வைத்திருக்கவேண்டும் என்ற விதியே நீக்கப்பட்டது.

இரண்டு குரல்தான் இருக்கிறது என்பதால் வாய்ஸ் டிராக்கிங் (பேச்சை முன்பே பதிந்து பாட்டுகளுக்கு நடுவே செருகுவது) செய்துதான் ஆகவேண்டும். 4 மணி நேர நிகழ்ச்சிக்குத் தேவையான பேச்சை 40 நிமிடத்தில் பதிந்துவிடலாம். முன்பதிவில் மணி சொல்லாதீர்கள், வானிலை சொல்லாதீர்கள். ஒரு பாட்டு சர்வரில் விடுபட்டாலே 'மணி எட்டே கால்' பொய்யாகிவிடும். போகவிருக்கும் பாட்டின் பெயரை முன்கூட்டிச் சொல்வதைவிட, முடிந்த பாட்டைப் பற்றிப் பேசுவது பாதுகாப்பு. ஊர்ப் பெயர் உச்சரிப்பில் பிசகாதீர்கள். கென்டக்கியில் வெர்செயில்ஸ் என்று சொல்லும் ஊரை வெர்சாய் என்று பிரெஞ்சு மாதிரி சொன்ன மறுகணமே அறிவிப்பாளர் வெளியூர் என்று தெரிந்துவிடும். கே.ஆர்.புரத்தை முழுசாக 'கிருஷ்ணராஜபுரம்' என்று நீட்டி வாசித்தாலும் அதே கதிதான்.

என் யோசனை: காலை 7 முதல் 10, மாலை 5 முதல் 8 நேரடியாக ஊர்க்குரல். மற்ற நேரமெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும் பொது ஸ்ட்ரீம். நாளைக்கு தாராவியில் இரண்டு பேர் கிடைத்தால் அதே பொது ஸ்ட்ரீமில் அவர்கள் காலையை அவர்கள் பேசட்டும்.

ஸ்ரீராமபுரம்_செவி:

மிக்க நன்றி, 7, 385, 116 என்று மாற்றிவிடுகிறோம். தடம்_நான்கு சொன்ன ஆறு மணி நேர ஏற்பாடு இரு தரப்புக்கும் ஒத்துவரும் போலிருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. ஊர்க்குரல் நேரத்தில் செய்தி மாதிரி எதுவும் வாசிக்கலாமா? பழைய கேசட் பாட்டுகளுக்கு உரிமை எப்படி?

பறை_ஒலி எழுதியது:

செய்தி பற்றி: தனியார் எஃப்.எம்கள் சொந்தமாகச் செய்தி தரக்கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம். போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்தடை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, திருவிழா அறிவிப்பு இவற்றை விதிகளே செய்தியாகக் கருதுவதில்லை. நீங்கள் இணைய வானொலி, அலைவரிசை உரிமம் வாங்கவேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலையே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் நேயருக்கு வேண்டியதும் அதுதான். வெள்ளி மாலை சில்க் போர்டிலிருந்து அத்திப்பள்ளி வரை ஒசூர் ரோடு எப்படி நகர்கிறது என்பதை 5.30, 6.15, 7.00 மணிக்கு 40 நொடியில் சொல்லுங்கள். சேலத்துக்கும் திருவண்ணாமலைக்கும் பஸ் ஏறப்போகிறவர் அதற்காகவே ஸ்ட்ரீமைத் திறந்துவைப்பார். பீன்யாவில் ஷிப்ட் மாறும் காலை 6, மதியம் 2, இரவு 10 நேரங்களை ஒட்டி உழைப்புப் பாட்டு வையுங்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் தேதிகளைத் தெருப் பெயரோடு வாசியுங்கள். சென்னையிலிருந்து யாரும் இதைச் செய்யமுடியாது.

உரிமை: இங்கே கவனம் தேவை. எஃப்.எம் நிலையங்களுக்கு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 31டி பிரிவின் கீழ் சட்டபூர்வ உரிமம் கிடைக்கும். இணையத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2019இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதி அமர்வும் அதை உறுதிசெய்தது. ஆகவே கேசட் நிறுவனத்திடம் நேரடியாக எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். பாட்டு நூற்றாண்டுப் பழையது, யார் எழுதினார் என்றே தெரியாது என்றாலும், அதன் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் தனி உரிமை உண்டு. 1988 கேசட் இன்னும் உரிமைக்குள்தான் இருக்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் தெரிந்த பாட்டுக்கு அவர்களின் உரிமத்தொகையை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பிடமும் பேசவேண்டும்.

நீங்களே பதிவு செய்தால் பாடியவரிடமும் வாசித்தவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கலைஞர் உரிமை 50 வருடம். ஒப்பந்தத்தில் ஸ்ட்ரீம், மறு ஒலிபரப்பு, துண்டு வெளியீடு மூன்றையும் தனித்தனியாக எழுதி, பணம் எவ்வளவு என்பதையும் அதிலேயே போட்டு, தமிழில் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து கேளுங்கள். பறை வாசிக்கிறவரைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, பணம் தராமல் அனுப்பும் வழக்கம் நம் ஊரில் போதுமான அளவு நடந்துவிட்டது.

சர்வர்: இணைய வானொலியை நடத்தும் அசுராகாஸ்ட் மென்பொருள் இலவசம், 4 ஜி.பி. நினைவகம் உள்ள வாடகை சர்வரில் தாராளமாக ஓடும். 7 பாட்டுப் பட்டியலை 'வரிசைப்படி' என்ற அமைப்பில் வையுங்கள். 385ஐ 'கலைத்துப் போடு' என்பதில் வைக்கலாம். முழுப் பட்டியலும் முடிந்த பிறகே மறுபடி கலையும் என்பதால் எதுவும் விடுபடாது, மணி மட்டும் கடிகாரச்சக்கரம் சொன்ன துல்லியத்தில் வராது. வெறும் 'குருட்டாம்போக்கு' அமைப்பில் போட்டால் அரை மணியில் அதே பாட்டு திரும்பக்கூடும். நேரடி இணைப்பு அறுந்தால் தானாக ஓடுவதற்கு ஒரு மணி நேரப் பாட்டைத் தனிக் கோப்பாக சர்வரிலேயே வையுங்கள். மழை நேரத்தில் வீட்டு இணையம் போவது இந்த ஊரில் வழக்கமான விஷயம்.

ஒலியளவை எல்லாப் பாட்டுக்கும் -16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு), உச்சம் -1 டெசிபெல் என்று ஒழுங்குபடுத்துங்கள். ஒவ்வொரு பாட்டாக அளந்து, அந்தப் பாட்டு முழுவதையும் ஒரே அளவில் ஏற்றி இறக்குங்கள். சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸரை இறுக்கினால் பறையின் முதல் அடி தட்டையாகிவிடும். காற்றிரைச்சலை வெட்டுவதற்கு 80 ஹெர்ட்ஸில் வடிகட்டி போடுவது பேச்சுக்குச் சரி. உறுமி உள்ள பதிவில் போட்டால் அதன் அடிக்குரல் மெலிந்துவிடும், அங்கே 40க்கு மேல் போகாதீர்கள்.

பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் ஒலித் தரவின் அளவு) விஷயத்தில் 64 கே.பி.பி.எஸ். போதும் என்று பலர் சொல்வார்கள். மணிக்கு 28.8 எம்.பி.தான் செலவாகும், உண்மை. ஆனால் அந்த அளவில் பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. சலங்கையும் ஜால்ராவும் மணல் சலிப்பது மாதிரி கேட்கும். ஏ.ஏ.சி. என்ற ஒலிச் சுருக்க வடிவத்தில் 96 வையுங்கள்: மணிக்கு 43.2 எம்.பி., எந்நேரமும் 100 பேர் கேட்டால் மாதம் ஏறத்தாழ 3.1 டெராபைட் தரவுப் போக்குவரத்து. சர்வர் வாடகைக்கு எடுக்கும்போது இந்த எண்ணைச் சொல்லி, வரம்பு தாண்டினால் எவ்வளவு கட்டணம் என்று முதலிலேயே கேளுங்கள். கரகாட்டப் பதிவு ஒன்றை 64, 96, 128 மூன்றிலும் ஏற்றி, பஸ்ஸுக்குள் சாதாரண இயர்போனில் கேட்டுப் பாருங்கள். 96இலும் ஜால்ரா குழைந்தால் 128க்குப் போய்விடுங்கள்.